இரண்டு மௌனங்கள்

நம் சிற்றேட்டு வட்டாரத்தில் 'மௌனம்' என்ற சொல்லுக்குக் கிடைத்திருக்கிற மரியாதை வேறு சொற்களுக்குக் கிடைத்ததில்லை. ஒரு கவிதை ஏன் நன்றாயிருக்கிறது என்று சொல்லத் தெரியாதபோது அதன் மௌனத்தைப் பாராட்டிவிடுகிறோம். வரிகளுக்கிடையே உள்ள மௌனம், சொல்லாமல் விட்டதன் கனம், மௌனத்தின் ஆழம் என்கிற பிரயோகங்கள் மதிப்புரைகளில் மலிந்துவிட்டன. மௌனம் தன்னளவிலேயே ஒரு மதிப்பு என்ற எண்ணம் கேள்வியின்றி நிலைபெற்றுவிட்டது. யாருடைய மௌனம், எதைப் பற்றிய மௌனம், அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது ரசனைக் குறைவாகக் கருதப்படுகிறது. ஆஸ்திரேலியக் கவி ஜூடித் ரைட்டின் (1915-2000) இரண்டு கவிதைகளை அடுத்தடுத்துப் படித்தபோது இந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒன்று ஒரு மலைமுனையைப் பற்றியது. மற்றது ஒரு பறவையைப் பற்றியது. அந்த மலைமுனை இருக்கிற காட்டில் இரண்டு நாட்கள் நடந்துவிட்டு வந்த பிறகு கேள்விகள் இன்னும் கூர்மையடைந்தன. நான் எழுதப்போவது பிரயாணக் கட்டுரை இல்லை. ஆனால் நடக்காமல் இதை எழுதியிருக்க முடியாது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கில், ஆர்மிடேல் நகரத்திலிருந்து கிழக்கே 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நியூ இங்கிலாண்ட் தேசியப் பூங்கா. 'பூங்கா' என்ற சொல் ஏமாற்றும். மேட்டுநிலம் கிழக்கே சட்டென்று முறிந்து சரிகிற விளிம்பு அது. பாயிண்ட் லுக்அவுட் என்ற உச்சி 1500 மீட்டருக்கு மேல். அங்கிருந்து கீழே பெல்லிஞ்சர் ஆற்றின் பள்ளத்தாக்கு. வானம் தெளிந்த நாளில் தூரத்தில் பசிபிக் கடல் ஒரு கோடாகத் தெரியும். மலைத்தொடரின் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் மங்கிக்கொண்டே கடல் வரை போகின்றன. ஆஸ்திரேலியர்கள் இத்தகைய நிலத்தைப் 'புஷ்' என்பார்கள். புதர் என்று மொழிபெயர்த்தால் பிழை. காடு என்றாலும் முழுதாகப் பொருந்தாது. ஊர் எங்கே முடிகிறதோ அங்கிருந்து தொடங்குகிற எல்லாமே அவர்களுக்குப் புஷ்தான். அதாவது, அந்தச் சொல் அங்கே இருப்பதைச் சொல்வதில்லை. அங்கே ஊர் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஊர் என்று எதை எண்ணினார்கள் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது.

விளிம்பின் மேற்புறத்தில் காற்றில் முறுகிய பனி யூக்கலிப்டஸ் மரங்கள். பாறையைச் சுற்றிப் படிப்படியாக இறங்கினால் சற்று நேரத்துக்குள் வேறொரு காடு வந்துவிடுகிறது. வெளிச்சம் பச்சையாகிவிடுகிறது. பாறையிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அண்டார்டிக் பீச் என்கிற மரங்கள், பாசி மூடி, தண்டு எது வேர் எது என்று தெரியாதபடி நிற்கின்றன. ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் தென் அமெரிக்காவும் கோண்ட்வானா என்ற ஒரே கண்டமாக ஒட்டியிருந்த காலத்து மரக்குடும்பம் இது. இதன் உறவு மரங்களின் தொல்படிவங்கள் அண்டார்டிகாவில் கிடைத்திருக்கின்றன. பழைய தண்டு செத்துப்போனால் அடியைச் சுற்றிப் புதுத் தண்டுகள் எழும்பி வளையமாக நிற்கும். நடுவில் செத்த மரத்தின் இடம் காலியாக இருக்கும். இந்தக் காடுகள் 1986இல் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்டன. 2019-20 கோடையின் பெருந்தீ, எரியாது என்று நம்பப்பட்டிருந்த இந்த ஈரக்காட்டுத் தொகுதியின் பரப்பில் ஏறத்தாழப் பாதியைத் தொட்டுவிட்டது.

நடக்கிறவனுக்கு இங்கே பார்வை கீழேதான். வழுக்கும் கல், குறுக்கே கிடக்கும் வேர், காலில் ஏறும் அட்டை. விளிம்புக்கு மேலே வந்து காட்சிமேடையில் நின்றதும் பார்வை தானாகவே தூரத்துக்குப் போய்விடுகிறது. கிராதியும் அதன் உயரமும் பலகை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் கண்ணை அப்படித் திருப்பிவிடுகின்றன. காட்சிமேடை எந்த நாட்டிலிருந்தாலும் அதன் இலக்கணம் இதுதான்: அருகிலிருப்பதைக் கழித்துவிட்டுத் தூரத்தைக் கொடுப்பது. நீலமாக, அசையாமல், யாருமில்லாமல் தெரிகிற தூரம். இயற்கையைப் பற்றி எழுதுகிற கவிகளில் பெரும்பாலோர் காட்சிமேடையிலிருந்துதான் எழுதுகிறார்கள் என்று எனக்கு அங்கே நின்றபோது தோன்றியது.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆஸ்திரேலிய இலக்கியம் தொடக்கத்திலிருந்தே இந்த 'யாருமில்லாமை'யோடு மல்லாடி வந்திருக்கிறது. மார்க்கஸ் கிளார்க் 1876இல் ஆடம் லிண்ட்ஸே கார்டனின் கவிதைகளுக்கு எழுதிய முன்னுரையில் அந்நாட்டுக் காட்டின் ஆதார சுருதி விசித்திரமானதொரு சோகம் என்று வகுத்துவிட்டார். பின்வந்தவர்கள் பலர் அந்தச் சுருதியிலேயே பாடினார்கள். டி. எச். லாரன்ஸ் 1922இல் சில மாதங்கள் அங்கே தங்கி எழுதி 1923இல் வெளியிட்ட 'கங்காரு' நாவலில், நாயகன் நிலா வெளிச்சத்தில் காட்டுக்குள் போய் இனம்தெரியாத பீதியோடு திரும்பி ஓடிவருகிறான். ஏதோ ஒன்று அங்கிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவனுக்குப்படுகிறது. 1938இல் தென் ஆஸ்திரேலியாவில் ரெக்ஸ் இங்கமெல்ஸ் தொடங்கிய ஜிண்டிவரோபாக் இயக்கம் இதற்கு எதிர்த்திசையில் போனது. மண்ணோடு ஒட்டவேண்டுமானால் ஐரோப்பியப் படிமங்களை உதறவேண்டும் என்று சொல்லி, பூர்வகுடி மொழிகளிலிருந்து சொற்களை எடுத்துத் தம் கவிதைகளில் பதித்துக்கொண்டார்கள். சொல்லை எடுத்துக்கொண்டார்கள், சொல்லுக்கு உரியவர்கள் என்ன ஆனார்கள் என்பது கவிதைக்குள் வரவில்லை.

சோகம், பீதி, கடன் வாங்கிய சொல். மூன்றும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்த நிலம் காலியானது அன்று, காலியாக்கப்பட்டது. 1969இல் ரிஸ் ஜோன்ஸ் என்ற தொல்லியலாளர், பூர்வகுடிகள் காலமறிந்து, இடமறிந்து தீயிட்டு நிலத்தைப் பராமரித்து வந்ததற்குத் 'தீக்கோல் வேளாண்மை' என்று பெயர் கொடுத்தார். வெள்ளையர் வந்து வியந்த புல்வெளிகளில் பல மனிதக் கை செய்தவை என்று வாதிக்கிற பில் கேம்மேஜின் புத்தகம் 2011இல் வந்தது. விவரங்களில் விவாதம் தொடர்கிறது. ஆனால் 'கைபடாத வனம்' என்ற பழைய கற்பனைக்குத் திரும்பிப்போக இனி வழியில்லை. ஆசிரியர் பெயர் கிழிக்கப்பட்ட ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆகா, ஆசிரியனே இல்லாத அதிசயம் என்று வியந்த கதைதான் அந்தக் காட்டு இலக்கியத்தில் பெரும்பகுதி. கிளார்க் கேட்ட சோகம் காட்டின் சுருதி அன்று. அவர் அறியாமலே கேட்ட வேறொன்று அது.

ஜூடித் ரைட் முக்கியமாவது இந்த இடத்தில்தான். இந்த மேட்டுநிலத்தில் பெரும் மேய்ச்சல் பண்ணைகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை ஃபிலிப் ரைட் இந்தத் தேசியப் பூங்கா 1930களில் உருவானதற்குப் பெருமுயற்சி எடுத்தவர்களில் முதன்மையானவர். பூங்காவின் காட்சிமேடைகளில் ஒன்று ரைட் என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. தந்தை மகளுக்கு இந்தக் காட்டைக் காட்டிக்கொடுத்தார். கூடவே ஒரு கதையையும் சொன்னார். பாயிண்ட் லுக்அவுட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு செங்குத்துப் பாறைமுனை; பத்தொன்பதாம் நூற்றாண்டில், கால்நடைகளைக் கொன்றதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி, பூர்வகுடிக் கூட்டமொன்றை வெள்ளையர்கள் துரத்திக்கொண்டு போய் அந்த முனையிலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. முனைக்கு வழங்கிய பெயரே கறுப்பு நிறத்தைச் சுட்டி இளப்பமாகச் சொன்ன பெயர். காடும் கதையும் ஒரே கையிலிருந்து வந்த இரண்டு சொத்துக்கள். ரைட்டின் படைப்பு வாழ்வு முழுவதும் இந்த இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்வது எப்படி என்கிற போராட்டம்தான் என்று எனக்குப் படுகிறது.

அந்த முனையைப் பற்றிய கவிதை 1946இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது. தலைப்பிலேயே கறுப்பரைக் குறிக்கும் வசைச்சொல் நிற்கிறது. கவிதை காட்சிமேடையின் தோரணையில்தான் தொடங்குகிறது. அந்திநேரம், கிழக்குச் சரிவுகள், கடலிலிருந்து ஏறிவரும் இருள். வேறொரு கவியாக இருந்தால் இது ஒரு சாயங்கால வர்ணனையாக முடிந்திருக்கும். ரைட்டின் கவிதையில் பார்வை தூரத்துக்குப் போகாமல் நேர்கீழே விழுகிறது. பாறையின் அடியிலுள்ள எலும்புகளிடம் போய் நிற்கிறது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே மனிதர் என்பதை அறிந்திருக்க வேண்டாமா என்று கேட்கிறது. கேட்கிறவர் 'நாம்' என்று கேட்கிறார். அந்த 'நாம்' யார் என்பதில் சந்தேகமில்லை. பண்ணைக்காரர்களின் பேத்தி தன் சொந்த ஜனத்தைப் பார்த்துப் பேசுகிறாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தேசமே தன்னை வீரதீரமாகக் கற்பனை செய்துகொண்டிருந்த சூழலில், முப்பது வயதை ஒட்டிய ஒரு கவி இப்படி எழுதியது சாமான்யமில்லை. கிளார்க்கின் சோகத்துக்கும் லாரன்ஸின் பீதிக்கும் அந்தக் கவிதை ஒரு ஸ்தூலமான இடத்தைக் கொடுத்துவிட்டது. இந்தப் பாறை, இந்த எலும்பு என்று சுட்டிவிட்டது.

ஆனாலும், பாறையைப் பார்த்துக்கொண்டு அந்தக் கவிதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோது எனக்கு ஒரு தடங்கல் ஏற்பட்டது. கவிதையின் மையப்படிமம் இருள். இருள் கடலிலிருந்து ஏறி மலைகளை மூழ்கடிக்கிறது. சரித்திரமும் அப்படியே வந்து மூழ்கடிக்கிறது. படிமம் என்ற வகையில் இது அபாரமானது. அதனாலேயே அபாயமானதும்கூட. இருள் யாருடைய செயலும் இல்லை. சூரியன் மறைந்தால் இருட்டும். அதற்குப் பொறுப்பாளி இல்லை. துப்பாக்கியோடு குதிரையில் வந்தவர்களுக்குப் பெயர் இருந்தது, பண்ணை இருந்தது, சில வேளை இன்றைக்கும் சந்ததி இருக்கிறது. படிமம் அவர்களை இருட்டில் கரைத்துவிடுகிறது. செத்தவர்களுக்கும் இதே கதிதான். அந்தப் பிரதேசத்துக்கு உரியவர்களான அனாய்வான், டங்குட்டி, கும்பய்ங்கிர் மக்களின் பெயர்கள் கவிதையில் இல்லை. அவர்களுடைய மொழி இல்லை, பாட்டு இல்லை. அவர்களும் இருட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறார்கள். மௌனத்தை உடைக்க வந்த கவிதை, தன் மிகச் சிறந்த வரிகளிலேயே இன்னொரு மௌனத்தை உண்டாக்கிவிடுகிறது. இது ரைட்டின் திறமைக் குறைவால் வந்ததாக நான் நினைக்கவில்லை. படிமம் என்ற சாதனத்தின் எல்லை இது. செய்தவனை நிகழ்ச்சியாகவும், நிகழ்ச்சியைப் பருவமாகவும், பருவத்தை மனோநிலையாகவும் மாற்றிவிடுகிற சுபாவம் அதற்கு உண்டு. இந்தச் சுபாவத்தைத்தான் நாம் உன்னதம் என்று கொண்டாடி வருகிறோம்.

இனி அந்தப் பறவை. லயர்பேர்ட் என்பார்கள், ஆணின் வால் விரிந்தால் பழைய கிரேக்க யாழின் வடிவம் கொள்ளும். யாழ்ப்பறவை என்றே சொல்லிக்கொள்கிறேன். கோழியளவு உடம்பு, பழுப்பு நிறம், நீண்ட வால். பறப்பதைவிட நடப்பதும் ஓடுவதும்தான் அதிகம். பலமான கால்களால் சருகையும் மண்ணையும் கிளறிக்கொண்டே இருக்கும். விக்டோரியா மாநிலக் காடுகளில் செய்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குச் சராசரியாக 155 டன் மண்ணையும் சருகையும் இப்பறவைகள் புரட்டுவதாகக் கணக்கிட்டது. பெட்டை பருவத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஆண் குளிர்காலத்தில் மண்ணைக் கூட்டி மேடை கட்டி, வாலைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு ஆடும், பாடும். தன் பாட்டோடு சுற்றியுள்ள பறவைகளின் குரல்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துப் பாடும். நான் நடந்த தடத்தில் கிளறிய மண் எங்கும் இருந்தது. பீச் மரங்களுக்கு அப்பாலிருந்து பல பறவைகள் ஒரே இடத்திலிருந்து கூவுவதுபோல் கேட்டது. ஐந்தாறு குரல்கள், இடைவெளியில்லாமல். ஒரே பறவை என்று புரிய நேரமாயிற்று. அது கண்ணில் படவில்லை. தடத்தைவிட்டு இறங்கித் தேடிப் போகலாம் என்ற சபலம் எழுந்தது, போகவில்லை. அதற்குக் காரணம் ஒரு கவிதை.

ரைட்டின் 1962ஆம் வருஷத்துத் தொகுப்பு முழுக்கப் பறவைக் கவிதைகள். அதில் யாழ்ப்பறவைகளைப் பற்றிய கவிதை, அவற்றைப் பார்க்கப் போகாமல் இருப்பதைப் பற்றியது. அவர் அப்போது குவீன்ஸ்லாந்தில் டாம்போரின் மலையில் வசித்தார். அங்கிருப்பது இதே குடும்பத்தின் சற்றுச் சிறிய இனம். காலையில் எழுந்து மலையின் அடுத்த சரிவுக்குப் போனால் பார்த்துவிடலாம். வருஷக்கணக்காகப் போகவில்லை, இனிப் போவதாகவும் இல்லை. அருகிக்கொண்டிருக்கும் அந்தப் பறவை தன் பார்வைக்குக்கூட ஆட்படாமல் இருக்கட்டும் என்பது கவிதையின் முடிவு. இளமையிலேயே கேள்விப்புலன் குன்றத் தொடங்கி முதுமையில் முற்றாக இழந்தவர் ரைட். அந்தத் தகவலைக் கொண்டு கவிதையை விளக்கிவிட முடியாது என்றாலும், பாடுவதற்கே பேர்போன பறவையைத் தேடிப்போவதில்லை என்று அவர் தீர்மானித்ததன் விலை என்ன என்பதை அது உணர்த்துகிறது.

வனவிலங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கவிதை எரிச்சல் தரும். பட்டியல் வைத்துக்கொண்டு பார்த்ததையெல்லாம் குறித்துக்கொள்வது ஒருவகைப் பசி. எழுத்தாளனுக்கும் அதே பசி உண்டு. எதையும் பார்த்துவிட வேண்டும், பார்த்ததை எழுதிவிட வேண்டும். ரைட் அங்கே ஒரு கோடு போடுகிறார். நான் பார்க்காவிட்டாலும் அது இருக்கும். நான் எழுதுவதற்காக அது இருக்கவில்லை. இங்கே மௌனம் ஒரு தியாகம். கவி எதையோ இழக்கிறார். பறவை எதையும் இழக்கவில்லை.

இப்போது இரண்டு கவிதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே கவி ஒன்றில், சொல்லாமல் விட்டதைச் சொல்லியாக வேண்டும் என்கிறார். மற்றதில், போய்ப் பார்க்காமல் விடவேண்டும் என்கிறார். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மௌனத்தை எடைபோட ஓர் அளவுகோல் இங்கே கிடைக்கிறது: இந்த மௌனத்தால் இழப்பவர் யார்? பேசாதிருப்பவன் தானே இழந்தால் அது காக்கிற மௌனம். பேசாதிருப்பவனுக்கு அதனால் லாபம் இருந்தால், அவன் நிலமும் நிம்மதியும் அதனால் பத்திரமாக இருந்தால், அது மறைக்கிற மௌனம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் அதே அடக்கம், அதே சொற்சிக்கனம். இலக்கிய ரசனை மட்டுமே கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. கவிதைக்கு வெளியே போய் விசாரித்தாக வேண்டும்.

இதே பூங்காவில் இதே பறவையைப் பற்றி வழங்கும் ஒரு கதை இந்த விசாரணைக்கு உதவும். 1920களிலோ 30களிலோ அந்தப் பக்கத்தில் குடியேறிய ஒருவர் ஒரு யாழ்ப்பறவையை வளர்த்தார். அதற்குப் புல்லாங்குழல் வாசித்துக் காட்டினார். பறவை 'கீல் ரோ' முதலான மெட்டுக்களைக் கற்றுக்கொண்டது. பிறகு காட்டுக்குள் விடப்பட்டது. அதன் வம்சாவளியும் அண்டைப் பறவைகளும் தலைமுறை தலைமுறையாக அந்தக் குழலிசையைப் பாடிவருகின்றன என்பது கதை. 1969இல் பூங்காக் காப்பாளர் ஒருவர் குழலோசை போன்ற பாட்டை ஒலிப்பதிவு செய்தார். அந்த ஓசை உண்மையில் இருக்கிறது. ஆனால் கதையை ஆராய்ந்து 2013இல் வந்த கட்டுரையொன்று, விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதையும் ஆதாரம் போதாமையையும் காட்டியிருக்கிறது. இருந்தும் கதை உலகெங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கும் பிடித்த கதைதான். ஒரு குடியேறியின் குழலைக் காடு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது என்பதில் யாருக்குத்தான் மயக்கம் வராது?

மயக்கம் தெளிந்து யோசித்தால் அந்தக் கதையின் அந்தரங்கம் புரியும். குடியேறியவன் அந்த மண்ணுக்கு உரியவன் என்று ஒரு பறவை சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியிடம் வெகுநாள் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. பாறைமுனைக் கதைகளுக்கோ ஆதாரம் கேட்கப்பட்டது. 2002இல் கீத் விண்ட்ஷட்டில், டாஸ்மேனியப் படுகொலைகளைப் பற்றிய வரலாறு புனையப்பட்டது என்று ஒரு புத்தகமே எழுதினார். காகிதத்தில் பதிவு எங்கே என்பது வாதம். காகிதம் அன்று கொன்றவர்கள் கையில் இருந்தது என்பதைப் பற்றி வாதம் இல்லை. லிண்டல் ரையன் தலைமையில் நியூகாசில் பல்கலைக்கழகம் 2017 முதல் வெளியிட்டுவந்த படுகொலை வரைபடம், இந்தச் சவாலை அதன் தளத்திலேயே எதிர்கொண்டது. இடம், தேதி, எண்ணிக்கை, சான்று என்று ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டியது. அதில் படிமம் ஒன்றுகூட இல்லை.

ரைட்டும் அந்த வழிக்குத்தான் வந்துசேர்ந்தார். 1959இல் தம் தாத்தா பாட்டியின் வாழ்க்கையை 'தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்' என்ற புத்தகமாக எழுதினார். குடியேறிகளின் பாடுகளைப் பரிவோடு சொல்கிற குடும்பக் கதை. 22 வருஷங்களுக்குப் பிறகு, 1981இல், அதே குடும்பத்தையும் அதே நிலங்களையும் மறுபடி எடுத்துக்கொண்டு 'தி க்ரை ஃபார் தி டெட்' எழுதினார். இந்தத் தடவை ஆவணங்களைத் தோண்டி, நிலம் பறிகொடுத்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். ஓர் எழுத்தாளர் தன் புத்தகத்துக்குத் தானே எதிர்ப்புத்தகம் எழுதியதற்கு இப்படியொரு உதாரணம் அபூர்வம். அவருடைய கடைசிக் கவிதைத் தொகுப்பு 1985இல் வந்தது. பிறகு அவருடைய சக்தி பெரும்பாலும் நில உரிமைக்கும் காட்டுப் பாதுகாப்புக்குமான வேலைகளில் போயிற்று. கவிதைக்கு நஷ்டம் என்று வருந்துகிற விமர்சகர்கள் உண்டு. 1946இன் அந்த இருட்டுப் படிமம் எங்கே நின்றுபோயிற்றோ அங்கிருந்து மேலே நடந்தார் என்று நான் படிக்கிறேன். காட்சிமேடையை விட்டு இறங்கித் தடத்தில் நடப்பது போன்றது இது. அழகு குறைவு, அட்டை அதிகம்.

இன்னொன்றையும் செய்தார். 1960களின் தொடக்கத்தில் ஒரு பிரசுரத்துக்குக் கைப்பிரதி படித்துச் சொல்பவராக இருந்தபோது கேத் வாக்கரின் கவிதைகள் அவரிடம் வந்தன. வெளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1964இல் வந்த 'வீ ஆர் கோயிங்', ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் ஒருவரின் முதல் கவிதைப் புத்தகம். பின்னாளில் ஊட்ஜெரூ நூனக்கல் என்ற தம் மரபுப் பெயரை ஏற்றுக்கொண்ட அவருடைய கவிதைகளைப் பிரசாரம் என்று விமர்சகர் சிலர் ஒதுக்கினார்கள். நேரடியான பேச்சு, உரத்த குரல், மௌனமே கிடையாது என்பது புகார். யாருக்காக மௌனம் அனுஷ்டிக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கப்பட்டார் என்பதை அந்த விமர்சகர்கள் சொல்லவில்லை. இருளாக மட்டும் கவிதைக்குள் வந்தவர்கள் குரலாக வந்தபோது, அந்தக் குரலில் நயம் போதவில்லை என்பது கொஞ்சம் குரூரமான விமர்சனம்.

இதெல்லாம் தூரதேசத்து விவகாரம் என்று நம்மில் யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மலையையும் மூடுபனியையும் பற்றி நாம் எழுதித் தள்ளியிருக்கிற கவிதைகளை நினைத்துப் பார்க்கலாம். பனி இறங்குகிறது, சரிவு மறைகிறது, கவியின் மனம் விரிகிறது. அந்தச் சரிவைச் சமைத்தவர்கள் யார் என்று கேட்டால் கவிதையில் பதில் இல்லை. வால்பாறைத் தோட்டங்களில் மாண்ட கூலிகளைப் பற்றி, அங்கே மருத்துவராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேலின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வர 2007 ஆயிற்று. இடைப்பட்ட 38 வருஷங்களும் நம் நவீன கவிதையில் பனி தாராளமாகப் பெய்துகொண்டிருந்தது. அந்தப் பனி எந்த வகை மௌனம் என்பதை அவரவர் தம் கவிதைகளை எடுத்துவைத்துச் சோதித்துக்கொள்ளலாம். சில கவிதைகள் தேறும். தேறாதவற்றை நாம் நன்கு பாராட்டியிருக்கிறோம்.

ரைட்டின் பாறைமுனைக் கவிதையைத் தமிழில் கொண்டுவர முயன்று வருகிறேன். முதல் சிக்கல் தலைப்பிலேயே. அந்த வசைச்சொல்லை இந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்டிருக்கிறேன். இங்கே எழுதினால் அது என் சொல்லாகிவிடும். மொழிபெயர்ப்பில் அதை மிருதுவாக்கினால் வாசகனுக்குச் சங்கடம் குறையும். கூடவே, கொன்ற இடத்துக்கும் கேலிப்பெயர் வைத்துக் கூப்பிட்ட ஜனங்களின் முகமும் மறைந்துபோகும். அப்படியே வைத்தால், அச்சொல்லால் இன்றும் அடிபடுகிறவர்களின் காயத்தின் மேல் மறுபடி கைவைப்பதாகும். அளவுகோல் கையில் இருந்தும் இது லேசில் தீர்கிற கணக்கில்லை. இப்போதைக்கு நான் வந்திருக்கிற முடிவு இதுதான்: தலைப்பை அவர் வைத்தபடியே தமிழ் எழுத்தில் வைப்பது, அதன் கீழே, கவிதை தொடங்கும் முன், அந்தப் பெயரை வைத்தவர்கள் யார், அங்கே விழுந்தவர்கள் எந்த மக்கள் என்பதைச் சாதாரண உரைநடையில் இரண்டு வரி எழுதுவது. கவிதைக்கு அந்த இரண்டு வரியும் பாரம் என்று நண்பர்கள் சொல்வார்கள். பாரமாகவே இருக்கட்டும்.